சுல்தானின் யானை வந்த நான்கு நாள்

2006 மே 4, வியாழக்கிழமை காலை. பிக்கடில்லி சர்க்கஸ் நிலையத்தில் ரயிலை விட்டிறங்கி, படியேறி மேலே வந்து, ரீஜெண்ட் தெருவின் தென்கோடி வழியாக அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். வாட்டர்லூ பிளேஸை நெருங்கும்போது எனக்கு முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். காலை எட்டரை மணிக்கு லண்டனில் வேலைக்குப் போகிறவர் நடுவழியில் நிற்பது நடக்காத காரியம். ஓரமாக ஒதுங்கி எட்டிப் பார்த்தேன். நடுத்தெருவில் ஒரு ராக்கெட் தலைகுப்புற விழுந்து செருகிக் கிடந்தது.

மர ராக்கெட். பலகை பலகையாக இணைத்துப் பட்டை போட்டு, ஒரு பெரிய பீப்பாயை இழுத்து நீட்டிவிட்டாற்போல இருந்தது. மூக்கு தாருக்குள் புதைந்திருக்க, சுற்றிலும் சாலை வெடித்துப் பாளம் பாளமாகப் பெயர்ந்திருந்தது. பிளவுகளிலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது. மற்றபடி தெரு என்றைக்கும்போலத்தான் இருந்தது. கையில் விளக்கோடு ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் சிலை, கிரிமியப் போர் நினைவுச் சின்னம், வரிசையாக வெள்ளைக் கட்டடங்கள். அவற்றுக்கு நடுவே, ஆகாயத்திலிருந்து வந்து விழுந்த அந்த மரப் பொருள்.

"இது எப்போது விழுந்தது?" என்று பக்கத்தில் நின்ற கோட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ராத்திரி விழுந்திருக்கும் போல" என்றேன். யோசிக்காமல் வந்த பதில்.

"ஆமாம், நேற்று சாயங்காலம் நான் போகும்போது இல்லை" என்றார் அவர், ரொம்பப் பொறுப்பாக. மருத்துவமனைச் சீருடையில் இருந்த ஒரு பெண், "உள்ளே யாராவது இருப்பார்களோ?" என்றாள். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து காது கொடுத்துக் கேட்டோம். லண்டனில் நான் குடியேறி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. வழி கேட்பதைத் தவிர வேறெதற்கும் முன்பின் தெரியாத ஒருவர் தெருவில் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. இன்றைக்கும் அந்தக் கோட்டுக்காரரின் முகம் எனக்கு மறக்கவில்லை.

அன்றைக்கு லண்டனில் உள்ளாட்சித் தேர்தல். செய்தித்தாள் முழுக்க அதுதான். இப்படி ஒன்று வரப்போகிறதென்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டவுமில்லை, அறிவிக்கவுமில்லை. ராக்கெட்டின் பக்கத்தில் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. கலைப்படைப்பு என்று யாரும் சொல்லாததால், நாங்கள் யாரும் கலையைப் பார்க்கிற முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. விபத்து நடந்த இடத்தில் கூடுகிற கூட்டம் மாதிரி, பதறிப்போய், அக்கறையோடு நின்றோம். அதை நினைக்க நினைக்க எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கிறது.

அலுவலகம் போனதும் வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா திருவாரூரிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஈஸ்ட் ஹாமில் எங்கள் மாடி வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, "இந்த ஊர்ல மனுஷங்க சத்தமே கேக்கல" என்று தினமும் ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நடுரோட்டுல ராக்கெட் ஒண்ணு விழுந்து கெடக்கு."

"யாருக்கும் அடிபடலையே?" என்றார் அம்மா.

* * *

வெள்ளிக்கிழமை பாதி நாள் விடுப்புப் போட்டு, அம்மாவையும் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அதற்குள் விஷயம் வாய்வழியாகப் பரவிவிட்டது. ராக்கெட் திறந்து உள்ளேயிருந்து ஒரு பெண் குழந்தை வந்தாளாம், மாடி அளவு உயரமாம், ஒரு யானையும் நிற்கிறதாம் என்று ரயில் பெட்டியிலேயே பேச்சு அடிபட்டது.

யானையைப் பார்க்கும் முன்பு அதன் குரல்தான் கேட்டது. தி மால் சாலையின் மரங்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிளிறல். அம்மா சட்டென்று என் கையைப் பிடித்தார். பிறகு இலைகளுக்கு மேலாக, மிக மேலாக, இரண்டு பெரிய காதுகள் அசைந்து வந்தன.

யானையையும் கடலையும் ரயிலையும் எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்த யானையை மூன்று நாளில் எத்தனை தடவை பார்த்தேனோ, ஒவ்வொரு தடவையும் முதல் தடவைதான். உயரம் சுமார் 12 மீட்டர், அதாவது நான்கு மாடிக் கட்டடம் எழுந்து நடந்து வருகிறது. எடை 40 டன்னுக்கு மேல். உடம்பெல்லாம் மரம், வளைத்துச் செதுக்கிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சதையின் மடிப்பைக் கொண்டுவந்திருந்தார்கள். காதுகள் தோல். அசையும்போது பழைய செருப்பு மடங்குவதுபோல் சுருக்கம் விழுந்து விரிந்தது. தும்பிக்கை கணுக்கணுவாகச் சுருண்டு, நீண்டு, மேலே தூக்கிக் கூட்டத்தின்மேல் தண்ணீரைப் பீய்ச்சியது. முதுகிலும் விலாவிலும் மாடங்கள், அவற்றில் தலைப்பாகையும் பட்டுமாக சுல்தானும் அவர் பரிவாரமும். எடையைச் சுமப்பது வயிற்றுக்கடியில் உருளும் சக்கரங்கள்தான் என்று குனிந்து பார்த்தால் தெரியும். ஆனால் குனிந்து பார்க்க யாருக்கு மனசு வரும்? ஒவ்வொரு காலும் மடங்கி, எழுந்து, முன்னே வந்து, தரையில் பாதம் பதிகிற நிதானம் இருக்கிறதே, அது நம் கோயில் யானையின் நிதானமேதான்.

கண்ணைச் சொல்லியாக வேண்டும். தி மாலில் எங்களைத் தாண்டும்போது யானை ஒரு நிமிஷம் நின்றது. இமை மெதுவாக இறங்கி மேலே போயிற்று. விழி உருண்டு எங்கள் பக்கம் திரும்பியது. பக்கத்தில் ஒரு டாக்ஸி டிரைவர் இருந்தார். பாதை அடைத்ததில் சவாரி போய்விட்டதென்று அரை மணி நேரமாகப் புலம்பிக்கொண்டிருந்தவர். அந்தக் கண் திரும்பியதும் பேச்சு நின்றுபோயிற்று. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பதுபோல நின்றார். யானை போன பிறகு என்னைப் பார்த்து, "என் வீட்டுக்காரிக்குப் போன் பண்ணணும்" என்று மட்டும் சொன்னார்.

அம்மா கைகூப்பிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவரை யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. அங்கே ஆளுக்கொரு விதமாக எல்லாரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

* * *

இதையெல்லாம் செய்தவர்கள் ராயல் டி லூக்ஸ். பிரான்ஸின் நாந்த் நகரத்துத் தெருநாடகக் குழு. ஜான் லுக் கூர்கூல் 1979-இல் தொடங்கியது. யானையையும் சிறுமியையும் இயந்திரமாக வடிவமைத்தவர் பிரான்சுவா டெலரோசியேர். எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் பிறந்தது நாந்தில், இறந்தது அமியான் நகரத்தில். அவர் இறந்து நூறாண்டு நிறைந்த 2005-இல் அந்த இரண்டு ஊர்களும் சேர்ந்து கேட்டுக்கொண்டதால் பிறந்தது இந்தப் படைப்பு. கதை சின்னது. சுல்தான் ஒருவருக்குத் தூக்கத்தில் ஒரு சிறுமி வந்துகொண்டே இருக்கிறாள். காலத்தின் ஊடே பயணம் போகிற சிறுமி. அவளைத் தேடிப் பிடிக்க, காலத்தைக் கடந்து போகிற யானை ஒன்றைச் செய்யச் சொல்கிறார் சுல்தான். பிரெஞ்சுத் தலைப்பில் அவர் வெறும் சுல்தான் இல்லை, இந்தியாவின் சுல்தான். இதை அம்மாவிடம் சொன்னேன்.

"அதான பாத்தேன். நம்ம பக்கத்து ஆனைதான்" என்றார். நெற்றியில் தீட்டாத பட்டையை மனசுக்குள் தீட்டிவிட்டார் என்று நினைக்கிறேன்.

லண்டனுக்கு யானையைக் கொண்டுவந்தது ஆர்ட்டிசோக் என்ற சின்ன அமைப்பு, ஹெலன் மேரியேஜ், நிக்கி வெப் என்ற இரண்டு பெண்கள். அவர்களுக்கு நான் கோயில் கட்டலாம் என்று இருக்கிறேன். ஒரு நாட்டின் தலைநகரத்தில், அரண்மனை வாசலிலும் அமைச்சகங்களின் வாசலிலும், போக்குவரத்தை நிறுத்தி, வழியில் குறுக்கே நிற்கிற சிக்னல் கம்பங்களைக் கழற்றி, ஒரு பொம்மை யானைக்கு வழிவிடச் சொல்லிப் பல வருஷம் நடையாய் நடந்திருக்கிறார்கள். நகர நிர்வாகம், போலீஸ், பஸ், அரச பூங்கா என்று கேட்க வேண்டிய இடம் ஒன்றா இரண்டா? எந்த மேஜையில் யார் முதன்முதலில் "சரி" என்றாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

அம்மாவுக்கு இதில் வியப்பே இல்லை. "தேர் வர்றப்ப கரண்டுக் கம்பிய அவுத்துவிடுறதில்லையா? ஆனை வருதுன்னா கம்பத்தைக் கழட்டத்தான் வேணும்" என்றார். திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்து வளர்ந்தவருக்கு, தெருவை விடப் பெரிய ஒன்று தெருவில் வரலாம் என்பது இயல்பாக இருந்தது. எனக்கும் சின்ன வயசில் அது இயல்பாகத்தான் இருந்திருக்கும். எப்போது மறந்தேன் என்று தெரியவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கூட்டத்தைப் பற்றி எழுத முடியாது. அதற்குப் பத்து மாதம் முன்புதான், 2005 ஜூலை 7 அன்று, இதே ஊரின் பாதாள ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் குண்டு வெடித்து 52 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் ரயிலில் ஏறினால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் அவர் பையைப் பார்ப்போம். கறுத்த தோலும் முதுகுப் பையுமாகப் போனால் பக்கத்து இருக்கை காலியாகும். என் கணவருக்கு நடந்திருக்கிறது. கூட்டம் என்றாலே ஒதுங்கிப் போகப் பழகியிருந்த ஊர் அது. அந்த ஊர், மே மாதத்து வெயிலில் தி மால் நெடுக நெருக்கியடித்து நிற்கிறது. யார் தோளிலோ யார் குழந்தையோ உட்கார்ந்திருக்கிறது. என் மகளை ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒரு நைஜீரியக்காரர், "கொடுங்கள், அவளுக்குத் தெரியவில்லை" என்று கேட்டு வாங்கித் தோளில் ஏற்றிக்கொண்டார். நான் யோசிக்காமல் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான், யோசிக்காமல் கொடுத்தேன் என்பதே எனக்கு உறைத்தது. நெடுநேரம் தூக்கம் வரவில்லை. அப்படியொரு சந்தோஷம்.

* * *

சனிக்கிழமை முழுக்கச் சிறுமியோடு.

அவளைச் சிறுமி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், ஐந்தரை மீட்டர் உயரம் இருந்தும். பச்சைக் கவுன், குட்டைப் பின்னல் போலப் படிந்த கறுப்பு முடி, கொஞ்சம் பிடிவாதமான வாய். அவளுக்குத் தனியாக ஒரு ஸ்கூட்டர் இருந்தது, காலால் உந்தி ஓட்டுகிற வகை. திறந்தவெளி டபுள் டெக்கர் பஸ் ஒன்றில் உட்கார்ந்து ஊர் சுற்றிப் பார்த்தாள். லண்டன்வாசிகள் சுற்றுலாப் பயணிகளைக் கண்டால் நடையை எட்டிப் போடுகிறவர்கள். இந்த ஒரு சுற்றுலாப் பயணிக்கு மட்டும் நடைபாதை முழுக்க நின்று கையசைத்தார்கள். அவள் தலையைத் திருப்பித் திருப்பி எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் பார்க்கிற பக்கம் நாங்களும் பார்த்தோம். ஒன்பது வருஷமாக நான் நிமிர்ந்தே பார்க்காத கட்டட முகப்புகள், அவற்றின் மேல்மாடிச் சிற்பங்கள், எல்லாம் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டன. சும்மா சொல்லக் கூடாது, அழகான ஊர்தான்.

அவள் தூங்கியதைப் பார்த்தோம். பெரிய சாய்வு நாற்காலியில் கால் நீட்டி, கண் மூடி, மார்பு மெல்ல ஏறி இறங்க. சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேர். யாரும் யாரையும் அதட்டவில்லை, ஆனால் கூட்டம் குசுகுசுவென்றுதான் பேசியது. கைக்குழந்தை ஒன்று வீறிட்டதும் அதன் அப்பா, தூங்குகிறவள் எழுந்துவிடுவாளே என்று, குழந்தையைத் தூக்கிக்கொண்டு குனிந்து ஓடினார். இரண்டு பிள்ளை பெற்ற வளர்ந்த மனிதர். மரப் பொம்மையின் தூக்கம் கலையக் கூடாதென்று ஓடினார். எனக்குத் தொண்டை அடைத்தது.

இத்தனைக்கும் கயிறுகள் எல்லாம் வெட்டவெளியில் தெரிகின்றன. இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அவளைத் தாங்கிப் பிடிப்பது ஒரு கிரேன் வண்டி. கைக்கு, காலுக்கு, தலைக்கு, இமைக்கு என்று தனித்தனிக் கயிறு. சிவப்பு வெல்வெட் கோட்டுப் போட்ட ஆட்கள் அந்த வண்டியின் மேல்தட்டில் ஏறி நிற்கிறார்கள். ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து குதிக்கிறார். அவர் எடையில் கயிறு இறங்க, அவள் இடது கால் எழுகிறது. அவர் மறுபடி ஓடி மேலே ஏறுவதற்குள் இன்னொருவர் குதிக்கிறார், வலது கால் எழுகிறது. அவள் ஒரு தெரு நடந்தால் இவர்கள் நூறு தடவை குதித்து ஏற வேண்டும். வியர்வை கொட்டுகிறது, கோட்டு முதுகில் ஒட்டுகிறது, ஒருவர் கத்தி அளவு சொல்ல மற்றவர்கள் அதற்குக் குதிக்கிறார்கள். மறைக்க ஒரு திரை இல்லை, இருட்டு இல்லை. பட்டப்பகல். யானைக்கும் அப்படித்தான், இருபதுக்கும் மேற்பட்டோர் அதன் உடம்பெல்லாம் உட்கார்ந்து ஆளுக்கொரு உறுப்பை இயக்குகிறார்கள். பின்னாலேயே லாரியில் ஒரு பாட்டுக் குழு நேரடியாக வாசித்துக்கொண்டு வருகிறது.

நம் பொம்மலாட்டத்தில் ஆட்டுகிறவர் கறுப்புத் துணிக்குப் பின்னால் நிற்பார். கையைக் காட்டினால் உயிர் போய்விடும் என்பது அங்கே கணக்கு. இங்கே எல்லாக் கையையும் காட்டினார்கள், உயிர் இரண்டு மடங்காக வந்தது. எப்படி என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன், "அத்தனை பேர் இழுக்கறது கண்ணுக்கு நேரா தெரியுதேம்மா, அப்பறமும் ஏன் அவ உசுரோட இருக்கற மாதிரியே இருக்கு?"

"தேரை யாரு இழுக்கறாங்கன்னு தெரியாமலா கும்பிடறோம்?" என்றார் அம்மா. "வடம் புடிக்கிறவனப் பாத்தாதான் உள்ள இருக்கறது பெருசுன்னு தெரியும்."

நான் அதற்குப் பிறகு இந்த யானையைப் பற்றி எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன், நாடகக்காரர்கள், ஓவியர்கள் உட்பட. அம்மா சொன்ன அந்தப் பதிலுக்கு மேல் ஒரு பதிலை யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

ஹார்ஸ் கார்ட்ஸ் பரேடில் குழந்தைகளை அவள் கையில் உட்காரவைத்து ஆட்டினார்கள். வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும், சிவப்புக் கோட்டுப் பெண் ஒருத்தி என் மகளைத் தூக்கி அந்த மரக் கையில் உட்காரவைத்தாள். கை மெல்ல எழுந்தது. மகள் பயப்படவில்லை, சிரிக்கவுமில்லை. அந்தப் பெரிய முகத்தையே பார்த்துக்கொண்டு போய்வந்தாள், ஊஞ்சலில் போவதுபோல. இறக்கிவிட்ட பிறகு அம்மாவின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அம்மாச்சி, அவ மேல புதுப் பெஞ்சு வாசனை வருது" என்றாள். மகளின் கைரேகைக்கு அடியில் அந்த மரத்தின் ரேகை ஓடியதை நான் கிட்டத்திலிருந்து பார்த்தேன். ஆயிரம் குழந்தைகள் பிடித்துப் பிடித்து அந்த இடம் மட்டும் எண்ணெய் தடவினாற்போல மழமழவென்று ஆகியிருந்தது.

சாயங்காலம் பிக்கடில்லி பக்கம் யானை திருப்பத்தில் திரும்பியதை அம்மா வாய்திறந்து பார்த்தார். தேர் திரும்புகிற அருமை தெரிந்தவர். ஆழித்தேர் வீதி முனையில் திரும்ப, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, ஒரு பொழுது ஆகும். இங்கே சிவப்புக் கோட்டு ஆட்கள் அதற்கு முன்னால் பின்னோக்கி நடந்து கை காட்ட, யானை தலையை முதலில் திருப்பி, உடம்பை அப்புறம் கொண்டுவந்து, ஒரு ஜன்னலைக்கூட உரசாமல் திரும்பியது. இரண்டாம் மாடி அலுவலக ஜன்னலில் நின்றிருந்த ஒருவர் எட்டி அதன் காதைத் தொட்டுவிட்டார். தொட்ட கையை அவர் கொஞ்ச நேரம் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார். கூட்டம் முழுக்கக் கைதட்டியது. "நெனைச்சா நெனைச்ச எடத்துல முட்டு போடறானுங்க, கெட்டிக்காரப் பயலுவ" என்றார் அம்மா.

செலவைப் பற்றிப் பேசினவர்களும் உண்டு. ஏறத்தாழ பத்து லட்சம் பவுண்டு ஆயிற்று என்றார்கள். நான்கு நாளில் வந்து பார்த்தவர்களும் ஏறத்தாழ பத்து லட்சம் பேர். தலைக்கு ஒரு பவுண்டு. யாரிடமும் ஒரு பென்னிகூட டிக்கெட் என்று வாங்கவில்லை. என் மகள் கையில் ஏறி ஆடிய ஒரு நிமிஷத்துக்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். கேட்க ஆள் இல்லை.

அந்த யானை அதே வருஷம் ஆன்ட்வெர்ப், கலே, லே ஆவ்ர் என்று போய்விட்டு, அதோடு நின்றுவிட்டது. நாந்தில் 2007 முதல் ஆட்களை ஏற்றிக்கொண்டு நடக்கிற பெரிய யானை வேறு. அதுவும் டெலரோசியேர் கைவண்ணம்தான். பின்னால் ஒரு கோடையில் போய் ஏறியும் வந்தோம். அருமையான யானை. அதன் முதுகிலிருந்து பார்த்தால் லுவார் ஆறு தெரியும். ஆனால் அது அங்கே இருக்கும் என்று தெரிந்து, டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கிற யானை. லண்டன் யானை எங்களைத் தேடி வந்தது.

* * *

ஞாயிற்றுக்கிழமை அவள் கிளம்புகிற நாள். ராக்கெட்டை ஹார்ஸ் கார்ட்ஸ் பரேடுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. சுற்றியிருந்த கூரைகளில், மதில்களில், மரக்கிளைகளில் எல்லாம் ஆட்கள். முதல் நாள் என்னோடு பேசிய கோட்டுக்காரரை எங்கேயாவது பார்ப்பேனா என்று தேடினேன். காணவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் எங்கே நின்றிருந்தாலும் அவர் வந்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

யானை அவள் பக்கத்தில் வந்து நின்றது. தும்பிக்கை மெதுவாக நீண்டு அவள் அருகே போயிற்று. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். பிறகு அவளைத் தூக்கி ராக்கெட்டுக்குள் இறக்கினார்கள். மூடி மூடிக்கொண்டது. எனக்கு இடப்பக்கம் நின்ற கிழவி, எண்பது வயதிருக்கும், முத்துமாலையும் கைப்பையுமாக, "போகாதே, கண்ணே" என்று வாய்விட்டுச் சொன்னாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு முன்னால் நின்ற போலீஸ்காரர் மட்டும் ஒரு கைக்குட்டையை எடுத்துப் பின்பக்கமாக நீட்டினார். ராக்கெட்டின் அடியில் நெருப்பும் புகையும் குபுகுபுவென்று எழுந்தன. காது அடைத்தது. புகை விலக நேரமாயிற்று. ராக்கெட் அங்கேயேதான் நின்றது. மூடியைத் திறந்து காட்டினார்கள்.

உள்ளே யாரும் இல்லை.

பத்து எண்ணுகிற நேரத்துக்கு அந்த மைதானத்தில் சத்தமே இல்லை. அப்புறம் வந்த கைதட்டலை நான் வேறெங்கும் கேட்டதில்லை. மகள், "போயிட்டா" என்று எனக்குத் தகவல் சொன்னாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லபடியா போய்ச் சேரட்டும்" என்றார்.

கூட்டம் கலைய மனசில்லாமல் கலைந்தது. நாங்கள் ஓரமாக ஒதுங்கி நின்றோம், மகளுக்குக் கால் வலி. கிரேன் வண்டியின் படியில் சிவப்புக் கோட்டு இளைஞன் ஒருவன் தனியாக உட்கார்ந்திருந்தான். கையுறையைக் கழற்றி மடியில் போட்டிருந்தான். இரண்டு உள்ளங்கையும் கன்றிப்போய், ஓரிடத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அம்மா தயங்கவே இல்லை. நேரே அவனிடம் போனார், அவன் வலக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், விரலால் அந்தக் காய்ப்பைத் தடவிவிட்டார். பையன் பிரெஞ்சில் ஏதோ சொன்னான். அம்மா தமிழில், "இருப்பா, இரு" என்றார்.

தேர் இழுக்கிறவர்களுக்கு வீதியெல்லாம் நீர்மோர் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். ஈஸ்ட் ஹாமிலிருந்து எங்கே கிளம்பினாலும் அம்மா பிளாஸ்கில் மோர் ஊற்றிக் கொண்டுவந்துவிடுவார், கறிவேப்பிலையும் இஞ்சியும் பெருங்காயமும் தட்டிப் போட்டு. மூடியில் ஊற்றி நீட்டினார். பையன் வாங்கி முகர்ந்து பார்த்தான். ஒரு வாய் குடித்தான். என்னை ஒரு தடவை, அம்மாவை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் அண்ணாந்து ஒரே மூச்சில் முடித்தான். உதட்டோரம் ஒரு கறிவேப்பிலை ஒட்டியிருந்தது. அதையும் வாய்க்குள் தள்ளிக்கொண்டு, காலியான மூடியை மறுபடி நீட்டினான்.